அறுபதும் அறுபதும்

எடைமேடைக்காரர் கூட்டலில் புலி. லாரி ஏறி நிற்கும். வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு கிலோ பிசகியதில்லை. கூட்டல் என்றால் உயிர். கூட்டம் என்றால்தான் ஆகாது. வாரமெல்லாம் ஹாரன் கேட்ட காதுக்கு வீட்டில் அமைதி வேண்டும்.

அந்த அமைதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டு விழுந்தது.

"ஏங்க, தங்கச்சிக்கு நம்ம ஊருக்கே மாத்தலாயிடுச்சு. வீடு கிடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பா."

"நடக்காது! நீ பேசினாலே எவ்வளவு சத்தம் தெரியுமா?"

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். ஆலையில் இயந்திரங்களின் சத்தத்தை அளப்பதுதான் மனைவிக்கு வேலை. கருவி கைப்பையிலேயே இருந்தது. நீட்டிப் பேசிப் பார்த்தாள்.

"அறுபது டெசிபல்."

"உன் தங்கச்சியும் அறுபது. அறுபதும் அறுபதும் நூத்தியிருபது. வீட்டுக்குள்ள விமானம் கிளம்புற சத்தம்!"

"நூத்தியிருபது வரலேன்னா?"

"வரலேன்னா அவ வரட்டும்."

மனைவி மிக்சியை ஓடவிட்டாள். எண்பது. அடுத்த வீட்டிலிருந்து அதே மாதிரி மிக்சி ஒன்றை வாங்கி வந்து தனியாக ஓட்டினாள். அதுவும் எண்பது.

"இப்ப ரெண்டையும் சேர்த்துப் போடறேன்."

"நூத்தியறுபது! கண்ணாடியெல்லாம் உடையப்போகுது!" அவர் காதைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் பதுங்கினார்.

எண்பத்து மூன்று.

எழுந்து வந்து கருவியைத் தட்டினார். மிக்சிகளை இடம் மாற்றினார். தானே பொத்தானை அழுத்தினார். மறுபடியும் எண்பத்து மூன்று.

"மீதி எழுபத்தேழு எங்கடி போச்சு?"

"எங்கயும் போகலீங்க. இந்த அளவுல பத்து ஏறினாலே சத்தத்தோட சக்தி பத்து மடங்கு. வெறும் ரெண்டு மடங்குக்கு மூணுதான் ஏறும்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழாய் சொட்டியது. மின்விசிறி கிறீச்சிட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. எல்லாம் தன்னைச் சுற்றி வேறொரு கணக்கில் கூடிக்கொண்டிருக்கிறது! மயிர்க்கூச்செறிந்தது.

"இத்தனை வருஷமா என் காதே இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! சரி, உன்னை மாதிரி பத்துப் பேர் சேர்ந்து பேசினா?"

"எழுபது."

"பத்துப் பேருக்கு எழுபதேதானா! அம்மாடி! அப்போ பத்துப் பேர் வந்தாலும் வரட்டுமே!"

"நிஜமாவா?"

"நிஜமா!" பரவசத்தில் வாய் முந்திக்கொண்டது.

அடுத்த ஞாயிறு மச்சினி வந்தாள். அவள் கணவர் வந்தார். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மாமனார், மாமியாரும் வந்தார்கள். மனைவியையும் சேர்த்து எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எடைமேடைக்காரர் கருவியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"பாரு! அறுபத்தொன்பது! தாங்க முடியலடி!"

மனைவி எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கே!"