பிரவுசர் குழுவின் நடுநிலையாளர்

நடுநிலையாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேஜை விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு பேருக்குத் தகராறு வந்தால், எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு, "இப்ப யாருக்கும் குறையில்லையே?" என்று கேட்டபடி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறாரே, அவர்தான். கோபப்பட மாட்டார். கட்சி சேர மாட்டார். முடிவு எடுக்கவும் மாட்டார். இதில் கடைசியை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்.

வீட்டிலும் இப்படித்தான். மனைவிக்கும் தங்கைக்கும் வாய்த்தகராறு முற்றியபோது, நடுக்கூடத்தில் நின்று, "ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு" என்றார். "அப்ப பாதி சாப்பாட்டை உங்க தங்கச்சி வீட்டுல சாப்பிடுங்க" என்றாள் மனைவி. அன்று அவர் எங்குமே சாப்பிடவில்லை. அதுவும் நடுநிலைதான்.

நான் சொல்கிறவர் ஒரு பள்ளிக்கூடத்தின் துணைத் தலைமையாசிரியர். கணினி அறையில் எந்தப் பிரவுசரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கக் குழு அமைத்து, அவரைத் தலைவராகப் போட்டார்கள். போட்டியில் இருந்தவை மூன்று. மூன்றும் இலவசம். மூன்றிலும் அதே பக்கம் அதே மாதிரிதான் திறக்கும். எதை வைத்தாலும் பள்ளிக்கூடம் இடிந்து விழாது. ஆகவே விவாதம் மிகக் கடுமையாக இருந்தது.

கணக்கு வாத்தியார் வேகம் வேண்டும் என்றார். அவர் எதிலும் வேகமானவர் அல்ல. நூலகர், பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்காத பிரவுசர் வேண்டும் என்றார். அவர் வேலையே அதுதான். கணினி டீச்சர் மட்டும், "எதுவா இருந்தாலும் சரி சார். ஒண்ணு இருந்தாப் போதும். கடைசி வருஷப் பிள்ளைங்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போடணும். நிறைய பேர் வீட்டுல வசதி இல்ல, இந்த ரூமை நம்பித்தான் இருக்காங்க" என்றார்.

"எதுவா இருந்தாலும்னு சொல்லாதீங்க டீச்சர். அது பொறுப்பில்லாத பேச்சு" என்றார் தலைவர்.

பிரவுசர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. பெயர் சொன்னால் மனம் சாய்ந்துவிடுமாம். எண் கொடுக்கலாமா என்றால், ஒன்று என்பதே முதலிடம் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். கடைசியில் இது, அது, மற்றது என்று வைத்துக்கொண்டார்கள்.

"நான் அதைச் சொல்லல சார், மற்றதைச் சொன்னேன்."

"எந்த மற்றது?"

"அதுதான் சார், இது இல்லாதது."

இப்படியே தேநீர் ஆறியது. இந்த நிலையில்தான் தலைவருக்கு ஒரு திடுக்கிடும் உண்மை தெரியவந்தது. மூன்றில் ஒன்று ஏற்கெனவே கணினிகளில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அங்குதான் இருந்தது, பிள்ளைகள் அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "விசாரணை நடக்கும்போது ஒரு தரப்பு மட்டும் உள்ள உட்கார்ந்திருக்கலாமா?" என்று கேட்டார். அலுவலகக் கணினி உட்பட எல்லாவற்றிலிருந்தும் அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டார்கள். மேஜை விசிறி நின்றது.

அதற்குப் பிறகு கணினியைப் போட்டால் திரையில் ஒரு மலைப் படம் வரும். அவ்வளவுதான் வரும். பிள்ளைகள் வந்தார்கள், மலையைப் பார்த்தார்கள், போனார்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் வந்தது. டீச்சர் காலையிலேயே தலைவர் அறை வாசலில் நின்றார்.

"சார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. வீட்டுலயிருந்து பென்டிரைவ்ல கொண்டு வந்திருக்கேன். நீங்க ம்னு சொன்னாப் போதும், ஏத்திடுவேன்."

"எதைக் கொண்டு வந்திருக்கீங்க?"

"இதை."

"இது மட்டுமா? அதுவும் மற்றதும்?"

"சார், பிள்ளைங்க வெளியில நிக்குது."

"அவசரம்ங்கிற சாக்குல ஒண்ணு உள்ள நுழைஞ்சிட்டா அப்புறம் வெளியேத்தவே முடியாது டீச்சர். குழுவைக் கூட்டிடுவோம். வாங்க."

டீச்சர் போகவில்லை. தன் கைப்பேசியைத் திறந்து முதல் பிள்ளையின் கையில் கொடுத்தார். நடைபாதையில் வரிசை நின்றது. உள்ளங்கை அகலத் திரையில் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், புகைப்படம். ஒன்று தப்பானால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. கதவுக்கு அந்தப் பக்கம் குழு, இதுவும் அதுவும் மற்றதும் அடிப்படையில் சமமே என்ற இடத்துக்கு முன்னேறியிருந்தது.

ஐந்து மணி நெருங்கும்போது கைப்பேசி ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளிடம் வந்தது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தினாள். 'நேரம் முடிந்தது' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் கைப்பேசியைத் துப்பட்டாவில் துடைத்து டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

டீச்சர் அவளையும் கூட்டிக்கொண்டு குழு அறைக்குள் போனார்.

"உங்க பொண்ணும் இந்த வகுப்புதானே சார்?"

"ஆமா. அவளுக்கு நேத்தே போட்டாச்சு. லேப்டாப்புல நானே உட்கார்ந்து போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகல."

"எந்த பிரவுசர்ல சார் போட்டீங்க?"

"அதை யாரு டீச்சர் பார்த்தா? கையில வந்ததைத் திறந்தேன், வேலை முடிஞ்சுது."

கணக்கு வாத்தியார் இருமினார். நூலகர் ஜன்னலைப் பார்த்தார். தலைவருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. ஓட்டுநரின் மகளைக் கனிவோடு பார்த்து, "அப்ளிகேஷன் போன பிள்ளைங்களும் இருக்காங்க, போகாத பிள்ளைங்களும் இருக்காங்கம்மா. நாம ரெண்டு பக்கத்தையும் பார்க்கணும், இல்லையா?" என்றார்.

டீச்சர் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே முயன்றிருக்கலாம், தலைவரும் நல்ல எண்ணத்தில்தானே செய்தார், யோசித்தால் இரண்டு பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் தயங்காமல் போங்கள். குழு இன்னும் கலையவில்லை. உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். சரியாக நடுவில்.