புதைத்த மூன்றாம் நாள் கடை திறக்க வந்தவர்

கூச்சமுள்ளவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நாங்களும் சொல்வோம். பழக்கமில்லாததால் அளவு தெரியாமல் சொல்வோம், அவ்வளவுதான். உப்புப் போட்டுப் பழகாத கை முதல்முறை உப்புப் போடுவதைப் போல.

நான் பஸ்ஸில் மணி அடிக்கவே கூச்சப்படுகிறவள். என்னுடைய தரிப்பிடத்தில் வேறு யாராவது மணி அடித்தால் இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி நடப்பேன். நாங்கள் குடியிருக்கும் தோர்ண்டன் ஹீத்தின் தெருக்களெல்லாம் எனக்கு இப்படித்தான் பழக்கமாயின. இந்த வீரப் பெண்மணிதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், ஆங்கிலத் தொலைக்காட்சி நடிகர் ஒருவர் தன்னோடு மனம்விட்டுப் பேசுகிறவர் என்று ஒரு வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னாள்.

நடிகரின் பெயர் ஜெரால்ட் விட்டில். அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நெவில் டாப்ளி என்றால்தான் தெரியும். செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் ‘டக்கட்ஸ் யார்ட்’ என்று ஒரு தொடர் நாடகம் போகும். ஒரு தெரு, ஒரு மதுக்கடை, பகல் முழுக்க வேலைவெட்டி இல்லாமல் அதற்குள் நின்று ஒருவரையொருவர் ஏமாற்றுகிற இருபது பேர். இவ்வளவுதான் கதை. அதில் நெவில் ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரர். மூன்று பெண்சாதிகளை ஏமாற்றியவர். கூட்டாளியின் லொறியைக் கொளுத்தியவர். கோடையிலும் ஒட்டக நிறக் கம்பளிக் கோட் போட்டிருப்பவர்.

மாமிக்கு (என் கணவரின் அம்மா) ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ஏழு வருடமாக ஒரு நாள் விடாமல் பார்த்தார். படத்தைப் பார்த்துக் கதையைத் தானே கட்டிக்கொள்வார். எழுதினவர்கள் கட்டியதைவிட மாமி கட்டியது எப்போதும் நன்றாக இருக்கும்.

நான் ஆங்கிலம் படித்ததும் அந்த நாடகத்தில்தான். அதிலும் நெவிலிடம்தான் படித்தேன், ஏனென்றால் அவர்தான் சத்தமாகவும் தெளிவாகவும் பேசினார். அது பொல்லாதவனின் ஆங்கிலம் என்று எனக்கு விளங்க வருடங்கள் பிடித்தன. நான் வேலை செய்த டிரை கிளீனிங் கடையில், சட்டைப் பொத்தானை உடைத்தது யார் என்று மனேஜர் கேட்டபோது, “முடிந்தால் நிரூபித்துக் காட்டு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பணிவாகச் சொல்கிறேன் என்ற நினைப்பில்தான்.

அந்தக் கடைக்குத்தான் ஜெரால்ட் விட்டில் தன் கோட்டைக் கொண்டுவருவார். நாடகத்தில் போடுகிற அதே கோட். அவர் அதை மேசையில் வைப்பார். நான் துண்டு எழுதி, “வியாழன்” என்பேன். அவர் “நன்றி, கண்ணே” என்பார் (எல்லாரையும் அப்படித்தான் சொல்வார், மனேஜரையும்கூட). நான்கு வருடத்தில் நாங்கள் பேசிய பேச்சு முழுவதும் இதுதான்.

பொய் பிறந்தது பக்கத்து ஊரான சட்டனில், மச்சாளின் வீட்டில். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. அவருடைய மகளின் பிறந்தநாள். மச்சாளின் பல் டொக்டர் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற ஒருவருக்கும் பல் பிடுங்கியவராம். இதை நான் எட்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்துதான் வந்ததோ, என் வாயிலிருந்து வந்தது.

“நெவில் எங்கட கடைக்கு வாறவர். என்னோட நல்லாக் கதைப்பார்.”

கரண்டியும் தட்டும் நின்றுவிட்டன.

“ஆர், அந்த மூண்டு பெண்சாதிக்காரனோ?” என்றார் மச்சாள். “உம்மோடயோ? நீர் எங்களோடயே கதைக்கிறேல்லை. அவரோட என்ன கதைக்கிறனீர்?”

“எல்லாம்தான். அவற்ற வீட்டுப் பிரச்சினையள்.”

இதைக் கேட்டதும் என் கணவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. ஒன்பது வருடம் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்த மனுசன், அப்போதுதான் தோர்ண்டன் ஹீத்தில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை திறக்கப் போகிறார். நல்ல நாளில், நல்ல நேரத்தில், நல்ல கையால் திறக்க வேண்டும் என்று ஆறு மாதமாக அதே பேச்சு. “அப்ப அவரைக் கொண்டே திறப்பம்!” என்றார். அடுத்த கிழமையே நோட்டீஸ் அடித்துவிட்டார்: ‘பிரபல ஆங்கில நடிகர் வருகை தருகிறார்.’ தமிழ்ப் பள்ளிக்கூட வாசல் வரை கொடுத்தாகிவிட்டது. இனி நான் உண்மையைச் சொன்னால் கடை திறக்குமுன்பே ஊர் சிரிக்கும். ஆகவே அவரை எப்படியாவது கூட்டிவருவது என் தலையில் விழுந்தது.

வாயால் கேட்க எனக்கு ஏலாது. அவருடைய கோட்டில் துண்டு குத்துகிற இடத்தில் ஒரு கடிதத்தையும் ஊசியால் குத்தினேன். ‘ஐயா, என் கணவரின் கடையைத் திறக்க வரவும். மத்தியானச் சாப்பாடு உண்டு. நீங்கள் பேசத் தேவையில்லை.’ அடுத்த முறை கோட் வந்தபோது அதே கடிதத்தின் பின்பக்கத்தில், மகிழ்ச்சியோடு வருவதாக எழுதியிருந்தது.

என்னில் உள்ள மரியாதையில்தான் வருகிறார் என்று நினைத்தேன் (நினைப்புக்குக் குறைவில்லை). உண்மை என்னவென்றால், அந்த நேரம் யாராவது புறாக்கூடு திறக்கக் கூப்பிட்டிருந்தாலும் அவர் போயிருப்பார். அவரை நாடகத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அது நாங்கள் பார்க்கிற தொலைக்காட்சிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தது, கடை திறக்கிற கிழமையில். செவ்வாய்க்கிழமை நெவில் தான் கட்டிய கட்டடச் சாரத்தின் உச்சியிலிருந்து சீமெந்துக் கலவைக்குள் விழுந்தார். வியாழக்கிழமை செத்தவீடு. பெட்டியை மண்ணில் இறக்கும்வரை காட்டினார்கள். மூன்று பெண்சாதிகளும் வந்து நின்றார்கள். மாமி வாய்விட்டு அழுதார். என் கணவர் வெங்காயம் வெட்டுகிறேன் என்று குசினிக்குள் போனார் (அன்றைக்கு இரவுச் சாப்பாடு பாணும் ஜாமும்). நாடகம் முடிய, மாமி எழுந்து மேலே போய்த் தலை முழுகினார்.

தலை துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டார்: “அப்ப சனிக்கிழமை ஆர் கடை திறக்கிறது?”

“அவர்தான், அம்மா.”

“பெட்டி இறக்கி மூண்டாம் நாள் வந்து ரிபன் வெட்டுறவரோ? செத்தவீட்டுத் துடக்கு.”

“அம்மா, அது நாடகம்!”

“நாடகம் எண்டு எனக்கும் தெரியும். நான் அழுதது நாடகமோ?”

என் கணவர் திரும்பவும் குசினிக்குள் போனார். இன்னும் வெங்காயம் இருக்கிறதாம்.

சனிக்கிழமை வந்தது. ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன் ரிபன் வெட்டியாக வேண்டும். எட்டரைக்கே கடைவாசலில் அறுபது பேர், தூறலில், குடைகளோடு. ரிபனுக்குப் பின்னால் மாமி, கையில் ஒரு பெரிய செம்பு. ரிபனுக்கு முன்னால் நான், கத்தரிக்கோல் வைத்த தட்டோடு. பக்கத்தில் பட்டுச்சேலையில் மச்சாள். நடிகர் வராமல் இருந்தால் நல்லது என்ற முகம்.

எட்டு நாற்பதுக்கு மினிகாப் வந்து நின்றது. ஜெரால்ட் விட்டில் இறங்கினார். அதே கோட்!

“ஐயோ, சீமெந்துக்குள்ள விழேக்க போட்டிருந்த கோட்!” என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினார். அறுபது பேரும் ஓரடி பின்னால் போனார்கள். பாவம், நடிகர் அதை மரியாதை என்று நினைத்துக் கை அசைத்தார்.

மாமி ரிபனுக்கு மேலால் கையை நீட்டினார். “பிள்ளை, உவரை அங்கயே நிக்கச் சொல்லு. செத்தவீட்டுக் காலோட கடைக்குள்ள வர ஏலாது.”

“அந்த அம்மா என்ன சொல்கிறார்?” என்று நடிகர் ஆங்கிலத்தில் கேட்டார்.

எல்லா முகமும் என்னைப் பார்த்தன. நான்தானே அவரோடு வீட்டுப் பிரச்சினை கதைக்கிறவள். ‘உங்களை வரவேற்கிறார்’ என்று சொல்லியிருக்கலாம். மூளையுள்ள எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் கூச்சக்காரிக்குப் பதற்றம் வந்தால் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுவாள்.

“நீங்கள் செத்துவிட்டீர்கள் என்கிறார்” என்றேன். “நீங்கள் சுத்தமில்லையாம்.”

ஜெரால்ட் விட்டில் முதலில் சிரித்தார். பிறகு அவருடைய கீழ் உதடு துடித்தது. “இதையேதான் எனக்கும் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை, ஸ்டூடியோ நடைபாதையில் வைத்து, கையில் தேநீர்க் கோப்பையோடு” என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இரங்கியிருப்பேன். ஆனால் அவர் அறுபது பேர் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டார். வாசலில் கிடந்த பால் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, தன் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினார்.

“தமிழில சொல்லுமன், எல்லாருக்கும் விளங்கட்டும்” என்றார் மச்சாள், தேன் வழிய.

கடற்கரைப் பட்டினம் ஒன்றில் மீன் விற்பவரின் மகனாகப் பிறந்ததையும், பதினேழு வயதில் நாடகக் குழுவோடு ஓடிப்போனதையும் நாலு நிமிடம் விரிவாகச் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது கால்வாசி.

“சின்னனில கஷ்டப்பட்டவராம்” என்றேன்.

அரசசபைக் காட்சியில் ஈட்டி பிடித்துக்கொண்டு மூன்று வருடம் ஒரு வசனமும் இல்லாமல் நின்றதைச் சொன்னார். கிறிஸ்மஸ் நாடகத்தில் குதிரையின் பின்னங்கால்களாக நடித்ததைச் சொன்னார். முன்னங்கால்களாக நடித்தவருக்கு நடிப்பு வராது என்பதைக் கையால் காட்டி விளக்கினார். பற்பசை விளம்பரம் ஒன்றில் பல் மட்டும் தெரிந்ததாம்.

“பிறகும் கஷ்டப்பட்டவராம்.”

“இவ்வளவு நேரமும் இதுதானோ சொன்னவர்?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

எட்டு ஐம்பத்தைந்து. அவர் இன்னும் நெவிலுக்கே வந்து சேரவில்லை. ஏழு வருடம் எங்கள் வீட்டுக் கண்ணீரையெல்லாம் குடித்த மனுசன், எங்களுக்காக ஒருதரம் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடப் பெட்ரோல் வாசம் அந்த நாலைந்து நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இஞ்சேரும்,” என்றார் மெல்லமாக, “நிப்பாட்டச் சொல்லும்.”

எப்படிச் சொல்வது? ஒருவருடைய பேச்சை நிறுத்த எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றே ஒன்றுதான். அதை எனக்குப் படிப்பித்தவரும் அவர்தான். ஒவ்வொரு கிழமையும் நெவில் தன் மூன்றாம் பெண்சாதியைப் பார்த்துச் சொல்கிற வசனம். கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய குரலிலேயே கத்தினேன்: “வாயை மூடு, கிழட்டு மாடே!”

மச்சாள் நெஞ்சில் கை வைத்தார்.

ஜெரால்ட் விட்டில் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஏழு வருடப் பழக்கம் அவரை இழுத்தது. பால் கூடையிலிருந்து இறங்கி, அந்தப் பெண்சாதியின் கீச்சுக்குரலிலேயே அடுத்த வசனத்தைச் சொன்னார்: “ஒருநாள் உன் பிணத்தின்மேல் நின்று சிரிப்பேன்!” சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஒரே வெட்டு.

ரிபன் விழுந்தது. என் கணவரின் மணிக்கூட்டில் எட்டு ஐம்பத்தொன்பது. மச்சாளின் மணிக்கூட்டில் ஒன்பது ஒன்று.

கைதட்டினார்கள். நடிகர் குனிந்து வணங்கினார். கடைக்குள் கால் வைக்கப் போனவரை மாமி மறித்தார். “இனி வரலாம். ஆனா இப்பிடியே இல்லை” என்று செம்பிலிருந்த மஞ்சள் தண்ணியைத் தெளித்தார். தெளித்தார் என்று நான் எழுதுவது மாமியின் வயதுக்கு மரியாதை கொடுத்து. உண்மையில், ஊற்றினார்.

ஒட்டக நிறக் கம்பளிக் கோட். இடது தோளிலிருந்து பொக்கற் வரை மஞ்சள்.

அவர் அதையும் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு, நனைந்த கோட்டோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். மூன்றாவது தரம் பருப்பு கேட்டார். போகும்போது மாமியின் கையை முத்தமிட்டார். மாமி உடனே போய்க் கையைக் கழுவினார்.

திங்கட்கிழமை காலை, டிரை கிளீனிங் கடையில், மேசைமேல் அந்தக் கோட் வந்து விழுந்தது. நான் நிமிரவில்லை. துண்டில் கறை என்ற இடத்தில் ‘மஞ்சள்’ என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. மஞ்சள் கறை போகாது என்பது இந்தத் தொழிலில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

“வியாழன்” என்றேன்.

“நன்றி, கிழட்டு மாடே” என்றார். அது நான்கு வருடத்தில் அவர் எனக்கென்று மட்டும் சொன்ன முதல் சொல். கறை போகவில்லை. அவரும் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை.

எங்கள் கடைப் பலகையில் லக்ஷ்மி என்றுதான் இருக்கிறது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழரும் அப்படிச் சொல்வதில்லை. ‘செத்தவர் திறந்த கடை’ என்றால்தான் வழி சொல்வார்கள். குளிர்பெட்டி பழுதானாலும், கூரை ஒழுகினாலும், மச்சாள் சட்டனிலிருந்து போன் எடுத்து “ஒன்பது ஒண்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார். எங்கள் வீட்டில் யாராவது கதையை இழுத்தால், மற்றவர்கள் ஒரே குரலில் “சின்னனில கஷ்டப்பட்டவராம்” என்பார்கள். என் பிள்ளைகள் நான் வாய் திறந்தாலே சொல்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் பேப்பரில் ஒரு மூலையில் அவருடைய படம் வந்தது. வயதாகியிருந்தார். ஜெரால்ட் விட்டில் காலமானார். இந்த முறை உண்மையாகவே. மாமிக்கு அப்போது தொண்ணூறு.

“என்னவாம்?” என்றார் மாமி.

நான் வாசித்தேன். கடற்கரைப் பட்டினம், மீன்கடை, ஈட்டி, குதிரையின் பின்னங்கால், பற்பசை, நெவில். பேப்பர்க்காரனும் ஒன்றையும் விடவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிமிர்ந்தேன்.

“சின்னனில கஷ்டப்பட்டவராம், மாமி.”

என் கணவர் சிரித்து, தேநீரைச் சிந்தினார். மாமி சிரிக்கவில்லை. “பிறகும் கஷ்டப்பட்டவர்” என்று அவரே முடித்துவைத்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறினார்.

சற்று நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.