ராஸ்கோ உட்காரும் பெஞ்சு

"பெஞ்சு வைக்க முடியாதுங்க," என்றாள் பூங்கா அலுவலகத்து டீனா. "இருக்கிற பெஞ்சுங்களே ஆடிக்கிட்டுக் கிடக்கு."

நோரீன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். புருஷனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் ஒன்றும் சிலை வைக்கச் சொல்லவில்லை. வாத்துக் குளத்துக்கு எதிரே, ஹார்லன் விழுந்த இடத்தில், அவர் பெயர் போட்ட ஒரு புதுப் பெஞ்சு. அவ்வளவுதான்.

"காசு நானே தர்றேன்."

"அந்த இடத்துல தரையே உள்வாங்குதுங்க. பாண்ட் பாஸானாத்தான் எதுவும் நடக்கும்."

பாண்ட் என்றால் ஆஷ்வெல் ஊரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நகராட்சி கடன் பத்திரம் விற்றுப் பூங்காக்களைச் சீராக்கும்; அந்தக் கடனை ஊர்க்காரர்கள் வீட்டுவரியோடு சேர்த்து வருஷக்கணக்கில் அடைக்க வேண்டும். நூற்றுக்கு அறுபது பேர் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால்தான் ஆகும். போன இரண்டு தேர்தலிலும் ஊர் கையை விரித்துவிட்டது. நவம்பரில் மூன்றாவது தடவை.

"அப்ப ஆதரிச்சு ஓட்டுப் போடணும்னு சொல்றே."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க. நகராட்சி ஆளு ஆபீஸ்ல உக்காந்து அதைச் சொன்னா வேலை போயிடும்." டீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழலாம். அதுக்குத் தடை இல்ல."

ஹார்லனுக்கு அந்த பாண்ட்தான் உயிர். மனுஷன் ஞாபகமறதிக்குப் பேர் போனவர். காப்பிக் கோப்பையைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு ஓட்டிப் போவார். மூக்கில் மாட்டிய கண்ணாடியை வீடெல்லாம் தேடுவார். பூங்காவை மட்டும் மறந்ததில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆதரவு கேட்டே செருப்புத் தேய்ந்தது.

எதிர்க்கட்சி யார் என்றால், நோரீனின் சொந்த அண்ணன் ராஸ்கோ. தினமும் மத்தியானம் குளத்தங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே போகிறவர் வருகிறவரைக் கூப்பிடுவார். "பாருங்கப்பா, கல்லு மாதிரி நிக்குது. இதுக்குக் கடன் வாங்கணுமாம்."

ஹார்லன் வீட்டுக்கு வந்து பொருமுவார். "எவனாவது பொத்துனு விழுந்தாத்தான் இந்த ஊருக்கு உறைக்கும், நோரீன்."

கடைசியில் விழுந்தது அவரே. அன்றைக்கு ராஸ்கோ பல் வைத்தியரிடம் போயிருந்தார். ராஸ்கோவின் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் அது பின்பக்கமாகச் சாய்ந்தது, பின்னாலிருந்த நடைபாதைக் கல்விளிம்பில் பின்மண்டை பட்டது. நட்டெல்லாம் கழன்று கிடந்ததாம். பழைய பெஞ்சுதானே என்று முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அவர் கோட்டுப் பையில் டிவி ரிமோட்டும் ஒரு ஸ்பானரும் கிடந்தன. எதை எங்கே வைக்கிறோம் என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டாரே என்று நோரீன் அந்த ரிமோட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டீனாவைப் பார்த்த மறுநாள், பாண்டுக்கு ஆதரவு திரட்டும் பிரச்சாரக் குழுவின் பெவர்லி, துக்க வீட்டுக்கு ஊரெல்லாம் கொடுக்கிற அதே டூனா மீன் காசரோலை அடுப்பில் சுட்ட பாத்திரத்தோடு கொண்டுவந்தாள். "அவர் போட்டோ ஒண்ணு குடுங்க. பாண்ட் பாஸாகும், உங்க பெஞ்சும் வரும்."

ஹார்லன் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து நின்ற படத்தை நோரீன் கொடுத்தாள். பெவர்லி மீனை வெட்டி எடுத்துவிட்டாள். பால் வாங்கப் போனால் வழியெல்லாம் புல்வெளிக்குப் புல்வெளி புருஷன் வெறுங்கையை நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். கீழே கொட்டை எழுத்தில்: 'இவரைப் பெஞ்சு கொன்றது. ஆம் என்று வாக்களியுங்கள்.'

ஊருக்குப் பயம் பிடித்துவிட்டது. பெஞ்சுப் பக்கம் ஒருவரும் போவதில்லை. தாய்மார்கள் பிள்ளைகளை ஊஞ்சலிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நகராட்சி எல்லாப் பெஞ்சுக்கும் மஞ்சள் பட்டை சுற்றியது. ஆளே வராத பூங்காவுக்குக் கடன் எதற்கு, பேசாமல் பூட்டிவிடலாம் என்று ஒரு கவுன்சிலர் ஆரம்பித்தார்.

"நீங்க வந்து பேசுங்க. ஜனங்க பயம் தெளியணும்," என்றாள் பெவர்லி.

நகராட்சிக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். நோரீன் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. மத்த பெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க."

மறுநாள் எதிர்த்தரப்புப் பலகைகள் முளைத்தன. 'பெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. சொல்பவர், ஹார்லன் மனைவி.' பெவர்லி அந்தக் காசரோல் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வேறு வழியில்லாமல் நோரீன் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ராஸ்கோ சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"அந்தப் பலகை நான் வைக்கல. எங்க ஆளுங்க வேலை," என்றார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அது என் இடம், நோரீன். பல்லு வலிச்சதால நான் பொழச்சேன். எனக்கு வந்த சாவை மச்சான் வாங்கிக்கிட்டார்."

"அவருக்கு ஒரு பெஞ்சு வேணும்ணே. இல்லேன்னா அவர் செத்தது வீணாப் போயிடும். என்னால தாங்க முடியாது."

ராஸ்கோ எழுந்து முகம் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "நான் கல்லுன்னு சொன்ன பெஞ்சு என் தங்கச்சி தாலியை அறுத்துடுச்சு," என்று தேம்பினார். மளிகைக் கடை வாசலில் அழுதார், பெட்ரோல் பங்கில் அழுதார், முடி திருத்துகிறவர் கத்தியைக் கீழே வைக்கிற அளவுக்கு அழுதார். பாண்ட் பாஸாகிவிட்டது. அறுபது என்ன, எழுபதையே தாண்டிப் போனது.

அடுத்த கோடையில் குளத்துக்கு எதிரே இரும்புப் பெஞ்சு வந்தது. காலெல்லாம் சிமெண்டுக்குள். முதுகில் ஹார்லன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. பேண்டு வாத்தியம் வாசித்தார்கள், லெமனேடு ஊற்றினார்கள். டீனா இந்தத் தடவை தைரியமாகக் கைதட்டினாள். ராஸ்கோ முதலில் உட்கார்ந்து, சாண்ட்விச்சைப் பிரித்து, பாதியைத் தங்கைக்குக் கொடுத்தார். ஹார்லன் போனதிலிருந்து அன்றைக்குத்தான் நோரீனுக்கு வயிறாரச் சாப்பிடத் தோன்றியது. வீணாகப் போகவில்லை, அது போதும்.

இரும்புச் சாமான் கடைக்காரர் ஓர்வில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"சாகறதுக்கு முந்தின நாள் என் கடைக்கு வந்து பெரிய ஸ்பானரா ஒண்ணு கேட்டாரும்மா. எதுக்குங்கன்னேன். 'நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ராஸ்கோ உக்கார்ற பெஞ்சுல ஒரு வேலை இருக்கு'ன்னார். மச்சான் மேல எவ்வளவு அக்கறை பாருங்க."