விலாப்பிடிப்பு வீரன் நூல் கவர்ந்த காதை

வாழி இன்னாசிராஜ்! பாலக்கரை பயந்த பெருவீரனே, ரயில்வே ஆபீசின் கோப்புக் கானகத்தில் தனித்துலவும் களிறே, நாற்பது கடந்தும் நரைக்கு அஞ்சாது அரைக்கால் சட்டை அணிந்த ஆண்மையே, முந்துவோர் அனைவரையும் முன்னே போகவிட்டுப் பின்னே வரும் பெருந்தகையே, வாழி! மன்னர்க்குப் பாணர் இருந்தனர். நினக்கோ ஒருவரும் வாய் திறவாமையால், நின் புகழை நீயே பாடிக்கொள்ளும் நிலை வாய்த்தது. ஆம், இக்காப்பியத்தின் நாயகனும் நானே, புலவனும் நானே. என்ன செய்வது, வேறு ஆள் கிடைக்கவில்லை.

அடுத்தது கடவுள் வாழ்த்து. கோடி அற்புதர் அந்தோணியாரை ஏற்கெனவே பல விண்ணப்பங்களால் களைப்படையச் செய்துவிட்டபடியால், இம்முறை என் வலப்புற விலாவையே வாழ்த்துகிறேன். விலாவே! சிந்தாமணி தாண்டும்வரை பச்சைக் குழந்தையாய் உறங்கி, காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் கண்விழித்து, கோணி ஊசியால் தைப்பதுபோல் குத்திக் குடைந்து, எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் என் மானத்தைக் கப்பலேற்றினாய்! உன்னைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவேன்?

எண்பத்தொன்றாம் ஆண்டில், திருச்சிராப்பள்ளித் திருநகரில், விடியற்காலையில் காரணமின்றி ஓடுவோர் இரு வகையினரே. ஒரு வகையினர் திருடர். மற்றவர் எங்கள் காவிரிக்கரை ஓட்டக் கழகத்தார். கழகத் தலைவர் நசுருதீன் பாய் ஓடமாட்டார். ஆயினும் கடைவீதியில் கடிகாரக் கடை நடத்துபவரும், எங்களுக்குத் தெரிந்தவரையில் ஸ்டாப் வாட்ச் உடையவரும் அவர் ஒருவரே ஆதலால், தலைமைப் பதவி தானே நடந்து சென்று அவர் காலடியில் அமர்ந்தது.

கார்முகில் கறுத்து, காவிரி கரைமுட்டி, தெருக்கள் யாவும் கிளையாறுகளாய்ப் பெருகும் ஐப்பசித் திங்களில் வாரநாள் ஓட்டம் நின்றுபோகும். அதுகண்டு பாய் பிறப்பித்த பேராணை இது: "மழைல காலு சும்மா கெடக்கட்டும், மூளை ஓடட்டும். ஐப்பசி பூரா வாசிப்பு மாசம்!" வாசிப்பதற்கோ கழகத்திடம் இருந்தது ஒரே ஒரு நூல். சிங்கப்பூரிலிருந்து பாயின் மைத்துனர் கொணர்ந்தது. ஓடுவோர்க்கென்றே ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது. பழுப்புக் காகிதம் போர்த்திப் பட்டத்தரசிபோல் வீற்றிருப்பது. ஞாயிறு காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, அம்மா மண்டபத்து வாசல் தூணை எவர் முதலில் தொடுகிறாரோ அவருக்கே அந்த வாரம் நூல் என்று பாய் விதித்தார்.

அந்தோ, அவ்விதியின் கொடுமையை என்னென்பேன்! பசித்தவனை விட்டுவிட்டு ஏப்பம் விடுகிறவனுக்கு இலை போடுவதன்றோ இது! வாரந்தோறும் வென்றவன் வங்கிக் காசாளன் நல்லதம்பி, கொடிக்கம்பத்துக்குக் கால்சட்டை மாட்டினாற்போன்ற நெடியோன், புயலோடு பிறந்தவன். அவனோ நூலை வாங்கிச் செல்வான், அடுத்த ஞாயிறு அப்படியே திருப்பிக் கொண்டுவருவான். "எங்க சார் படிக்கறது, பேங்க்ல ஆடிட்டு" என்பான். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்பீர்களாயின், சொல்கிறேன். கழகக் கூட்டத்தில் பாய் அந்நூலின் பொருளடக்கத்தை உரக்க வாசித்த வேளையில், நடுவே ஒரு தலைப்பு என் செவியில் தேவதூதன் வாக்காய் வீழ்ந்தது: விலாப்பிடிப்பும் அதற்கான தீர்வும். நல்லதம்பியிடமே இரவல் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஞாயிறுதோறும் கடைசியாய் வந்து, "பாலத்துல காத்து நல்லா வந்துச்சு, அப்படியே வாங்கிக்கிட்டு வந்தேன்" என்று வீறாப்புப் பேசியவன், விலா வலிக்கிறதென்று எந்த வாயால் சொல்வான்? வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த ஒரு பக்கம் எனக்கு வேண்டும். அதை நானே வெல்ல வேண்டும், நானே படிக்க வேண்டும். ஐப்பசி முடிந்தால் நூல் பாயின் இரும்பு பீரோவுக்குள் போய்விடும்.

இங்ஙனம் ஐப்பசியின் கடைசி ஞாயிறு புலர்ந்தது. போர்க்கோலம் பூணப் புகுந்த நாயகன், தன் கேன்வாஸ் காலணிகள் முந்தைய நாள் மழையில் ஊறி, பிழிந்தால் ஒரு செம்பு நீர் தரும் நிலையில் கிடப்பதைக் கண்டு திகைத்தான். பிறகு, வருவது வரட்டும் என்று வெறுங்காலொடு வெளிப்பட்டான். வாயிற்கண் நின்று வழியனுப்பிய டோரதி தேவியார், வீரத்திலகம் இடுவதற்கு மாறாக இவ்வாறு திருவாய் மலர்ந்தார்: "ஏங்க, ஓடறதுக்கு எதுக்குங்க புஸ்தகம்? நாய் தொரத்துனா ஓட மாட்டீங்க? எட்டு மணிப் பூசைக்கு வந்து சேருங்க, அது போதும்." பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் தலையாட்டியபடியே தெருவில் இறங்கிவிடும் கலையை நான் கற்றிருந்தேன்.

பாய் ஊதிய விசில் வெற்றிச் சங்கென முழங்கிற்று. விசில் ஊதியதும் அவர் தம் ஸ்கூட்டரில் ஏறி மண்டபத்துக்கு முந்திக்கொண்டார். கழகத்து மறவர் கரும்பலகை துடைத்த ஆசிரியரும், மருந்து மடித்த கடைக்காரரும், வட்டி கணக்கிட்ட காசாளருமாய், சேறு தெறிக்க, பால்காரர் வைய, காய்கறி மூட்டைகளைத் தாவிக் கடந்து சிந்தாமணித் தெருவைக் கலக்கியவாறு பாய்ந்தனர். நாயகனும் பாய்ந்தான். பாலத்தின் தலைப்பை அடையும்போதே நல்லதம்பி தொலைவில் ஒரு புள்ளியாகிவிட்டான்.

பாலத்தின் நடுவில், வழக்கம் தவறாத விலா தன் வேலையைத் தொடங்கிற்று. நாயகன் இடுப்பைப் பிடித்தான், பல்லைக் கடித்தான், அந்தோணியாரை அழைத்தான், இறுதியில் ஓட்டம் நடையாயிற்று. அவ்வமயம் பின்னே வந்த ஒன்றாம் நம்பர் பஸ், நாயகனைக் கண்டு இரங்கி, மெல்ல ஊர்ந்து பக்கத்தில் வந்தது. "பஸ்ஸ விட்டுட்டீங்களா சார்? ஏறுங்க, ஏறுங்க, ஸ்ரீரங்கம்தானே!" என்று கண்டக்டர் கதவருகில் நின்று கை நீட்டினார். இந்திரன் அனுப்பிய மாயமோ என்று நாயகன் நெஞ்சு தடுமாறிற்று. ஜன்னலோரத்தில் ஓர் இருக்கை காலியாக வேறு இருந்தது. "இல்லீங்க, நான் ஓடிக்கிட்டு இருக்கேன்" என்று அவன் நடந்துகொண்டே அறைகூவினான். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பஸ் போயிற்று. நாயகன் நடந்தான். பாலம் முடிந்தது, மாம்பழச் சாலை வந்தது, இனி ஓடி என்ன பயன் என்ற சோகத்தில் அவன் தலைகவிழ்ந்து மேலும் நடந்தான். அழுகை வரும்போலிருந்தது. ஆளில்லாத தெருவாயிருந்தால் அழுதிருப்பான்.

அப்போதுதான் அம்மா மண்டபத் திருப்பத்தில் அந்த அதிசயம் நிகழ்ந்தது. ஐப்பசி முழுவதும் அரங்கநாதப் பெருமாளுக்குரிய தீர்த்தம், காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் ஏறிப் போவது வழக்கம். அன்றும் குடை முன்செல்ல, மேளம் முழங்க, நெற்றி நிறைய நாமத்தோடு கோயில் யானை ஆடி அசைந்து வந்தது. அதைக் கண்டதும், முன்னே சென்ற மறவர் அனைவரும் அந்த ஊரில் பிறந்த எவரும் செய்வதையே செய்தனர். காலணிகளைக் கழற்றி ஓரமாய் வைத்தனர். ஈரச் சாலையில் கைகூப்பி நின்றனர். யானைக்கு அவசரம் எதுவும் இல்லை. அது வழியில் ஒரு வாழைப்பழத்தை வாங்கி, நிதானமாகச் சுவைத்து, பாகன் சொல்லியும் கேளாமல் இன்னொன்றுக்கும் நின்றது.

நாயகன் வந்து சேர்ந்தபோது யானையின் வால்தான் தெரிந்தது. கை தானாகவே குவிந்தது. கழற்ற அவனிடம் காலணி இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஆகா, அது என்ன காட்சி! கழகத்துப் பெருவீரர் அத்தனை பேரும் சாலையோரம் குந்தியமர்ந்து, மழையில் நனைந்து இறுகிய கயிற்று முடிச்சுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். புயலோடு பிறந்த நல்லதம்பி முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான்.

ஓடினான் இன்னாசிராஜ்! விலா எப்போது அடங்கிற்றோ அவனே அறியான். வெறுங்கால் சேற்றை வாரி இறைக்க, தொப்பை முன்சென்று வழிகாட்ட, நீராடி வந்த மாமிகள் ஈரப் புடவையோடு விலகி நிற்க, வில்லினின்று விடுபட்ட அம்பென, இல்லை, அவ்வளவு வேகமில்லை, கைதவறி உருண்ட பூசணியென ஓடினான். "சார்! சார்! இருங்க சார், ஷூ மாட்டிக்கறேன்!" என்று பின்னால் ஓலம் எழுந்தது. ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாய் நொண்டித் துரத்திய நல்லதம்பியின் மூச்சு பிடரியில் சுட்டது. இருவர் கையும் தூணை நோக்கி நீண்டன. என் கை முதலில் பட்டது.

பாய் ஸ்டாப் வாட்சை அழுத்த மறந்து, வாய் பிளந்து நின்றார். பின்னர் கைக்குட்டையால் நெற்றி துடைத்து, மண்டபத்துப் புறாக்கள் சிதறிப் பறக்க முழங்கினார்: "எல்லாரும் கேட்டுக்கங்க! இந்த வாரம் புஸ்தகம் நம்ம இன்னாசிராஜுக்கு!" நல்லதம்பி மனமுவந்து கை குலுக்கினான். நூலை மார்போடு அணைத்தபோது என் கண் கலங்கியது. வியர்வை என்று சொல்லிவிட்டேன்.

எட்டு மணிப் பூசை முடிந்து, இடியாப்பம் உண்டு, கைகழுவித் துடைத்து, ஈசிசேரைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, டோரதி "என்னதாங்க போட்டிருக்கு?" என்று தோள்வழியே எட்டிப் பார்க்க, இத்தனை ஞாயிறுகளின் இழிவையும் துடைத்தெறியப்போகும் அந்தத் தெய்வ மறையின் பக்கத்தைப் புரட்டி, தேடி, கண்டடைந்து, மூச்சடக்கி வாசித்தேன்.

விலா பிடித்தால் கொஞ்ச தூரம் நடக்கவும் என்று போட்டிருந்தது.