சதுப்பில் விழுந்த கடமானும் எல்லை தாண்டிய கலை நிதியும்

ஒரு காட்டில் ஒரு கரடியும் ஒரு கடமானும் ஒரு முள்ளெலியும் சேர்ந்து கூத்து நடத்தி வந்தன. காடு நம் பக்கத்துக் காடு இல்லை. வடக்கே, பால்டிக் கடலோரத்தில், கோடையில் இருட்டவே மனம் வராத ஊர். நான் அங்கே போனதில்லை. போய்ப் பார்த்து எழுதுவதற்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருந்தேன். கிடைக்கவில்லை. ஆகவே வீட்டில் இருந்தபடியே எழுதுகிறேன். அந்த விலங்குகள் என்ன மொழி பேசினவோ, எனக்குத் தெரிந்தது தமிழ்தான்.

கரடியின் பெயர் உர்மாஸ். உள்ளே பொந்து விழுந்த பெரிய மரத்துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு மேளம் அடிக்கும். அதிகம் பேசாது. கடமானின் பெயர் இல்ஸே. நம் ஊர்க் கடமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குதிரையைவிட உயரம். மூக்கு தொங்கிக்கொண்டிருக்கும். பாட்டு எடுத்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். முள்ளெலியின் பெயர் தாலிவால்டிஸ். உடம்பைவிடப் பெயர் நீளம். கதை, வசனம், இயக்கம் எல்லாம் அதுதான். நடிக்கவும் செய்யும். கூத்து முடிந்ததும் எல்லோரும் மேளத்தைப் பாராட்டுவார்கள், பாட்டைப் பாராட்டுவார்கள், முள் சிலிர்த்து நிற்கும் முள்ளெலியைப் பார்த்து, "குளிருதா?" என்று கேட்பார்கள். இந்த முள்ளெலியைப் பற்றி எழுதும்போது எனக்கு அடிக்கடி எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்று கேட்காதீர்கள்.

ஒரு வருடம் பனி உருகி வந்த வெள்ளம் அவர்களுடைய மேடையை ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. புது மேடைக்குப் பலகை வேண்டும். மூவரும் கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, காட்டு வாத்து ஒன்று இளைப்பாற இறங்கியது. அதன் பெயர் ஸிக்ரிட். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கலை நிதியத்தில் அதிகாரி.

"எங்க நிதியத்துல உதவி கிடைக்கும்," என்றது ஸிக்ரிட். "நார்டிக் காடுகளும் பால்டிக் காடுகளும் கை கோத்துக் கலை செய்யணும். அதுதான் நோக்கம். ஆனா எல்லை தாண்டின கலையா இருக்கணும். குறைஞ்சது மூணு நாடு சேரணும்."

"எங்க காட்டுல எல்லையே கிடையாதே மேடம்," என்றது தாலிவால்டிஸ். "நாங்க மூணு பேரும் ஒரே இடத்துலதான் இருக்கோம். சண்டைகூடப் போட்டதில்லை."

ஸிக்ரிட் மிகவும் வருத்தப்பட்டது. "அப்ப எதைத் தாண்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பறந்து போனது.

தாலிவால்டிஸ் சாப்பிடாமல் யோசித்தது. பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணில் கோடு இழுக்க ஆரம்பித்தது.

"என்னப்பா செய்யறே?" என்றது இல்ஸே.

"எல்லை இல்லாததுதானே பிரச்சினை? போட்டுக்கலாம்கா."

ஓடைக்கு வடக்கே இருந்தது உர்மாஸ்லாந்து ஆனது. வடக்கே இருப்பதால் அது நார்டிக். சதுப்பும் சதுப்பை ஒட்டிய புல்வெளியும் இல்ஸேலாந்து. மிச்சமிருந்த நாலைந்து பிர்ச் மரங்களுக்கு மேற்குத் தாலிவால்டியா என்று பெயர்.

"கிழக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று உர்மாஸ் கேட்டது.

"இல்லண்ணே. ஆனா இருக்கும்னு நினைச்சுப்பாங்க. ஒரு சோகம் வரும்."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த மூன்று பண்பாடுகளும் ஒன்றையொன்று எந்த அளவுக்குப் புரிந்துகொள்கின்றன? தாலிவால்டிஸ் யோசிக்காமல், 'சுத்தமாகப் புரிந்துகொள்வதில்லை. மொழியும் வேறு வேறு' என்று எழுதியது.

"எனக்கு நீங்க பேசறது புரியுதே," என்றது உர்மாஸ்.

"வெளியே சொல்லிடாதீங்க அண்ணே."

இதில் அது கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. மேடை வேண்டும், கூத்து நடக்க வேண்டும், யாராவது ஒருவர் தன் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். விண்ணப்பம் எழுதுகிறவர்களின் உள்ளம் குழந்தை உள்ளம். எழுதுகிற மொழிதான் வேறு.

நிதி கிடைத்துவிட்டது. ஸிக்ரிட்டே வந்து சொன்னது. மூன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டன. முள்ளெலியைக் கட்டிப்பிடித்ததில் மற்ற இரண்டுக்கும் ரத்தம் வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

"பலகை எப்ப வாங்கலாம் மேடம்?" என்று கேட்டது உர்மாஸ்.

"பலகைக்கு விதியில இடமில்லையே. பயணத்துக்கு உண்டு. கூட்டம் போட உண்டு. மொழிபெயர்ப்புக்கு உண்டு. மதிப்பீட்டுக்குத் தாராளமாவே உண்டு."

"அப்ப எதுமேல ஏறி ஆடறது?"

"ஆடறதைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலை," என்றது ஸிக்ரிட், அன்பாக. "மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். என் கொழுந்தன் ஆன்டெர்ஸ் இருக்கான். சும்மாதான் இருக்கான். அப்புறம், நடுவர்கள் நேர்ல பார்க்க வருவாங்க. எல்லை எல்லையா இருக்கணும். கோடு மட்டும் போட்டா நம்ப மாட்டாங்க."

ஆகவே காவலுக்குக் கைடோ என்ற காட்டுப்பன்றியை வைத்தார்கள். கைடோவுக்கு அதுவரை வேலை கிடைத்ததே இல்லை. இப்போது கிடைத்த வேலையை அது உயிராக எடுத்துக்கொண்டது. கோட்டின் மேல் குறுக்காக ஒரு கழியைக் கட்டிப் பக்கத்தில் நின்றது. யார் வந்தாலும் நிறுத்தியது. உர்மாஸ் தினமும் காலையில் இல்ஸேக்குக் கொஞ்சம் காட்டுப்பழம் கொண்டு போய்க் கொடுக்கும். அதை நிறுத்தி, "பழமெல்லாம் வெளிநாடு போகக் கூடாது சார்," என்றது கைடோ.

"நேத்து வரைக்கும் என்னை அண்ணேன்னு கூப்பிட்டியே."

"அது உள்ளூர்ல சார்."

உர்மாஸ் பழங்களைத் தானே தின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

நடுவர்கள் வரும் நாள் வந்தது. அன்னங்கள் வரிசையாக வந்து சதுப்பின் கரையில் இறங்கி, கழுத்தை நீட்டி உட்கார்ந்துகொண்டன. ஸிக்ரிட் அவர்களுக்கு அருகில். மொழிபெயர்ப்பாளர் ஆன்டெர்ஸ் அவர்களுக்கு முன்னால். உர்மாஸ் தன் நாட்டில் மேளத்தோடு காத்திருந்தது. தாலிவால்டிஸ் தன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு மேற்குத் தாலிவால்டியாவில் நின்றது. இல்ஸே மட்டும் வர வேண்டும்.

இல்ஸே எப்போதும் ஓடைக்கரை வழியாகத்தான் வரும். கெட்டியான தரை. ஆனால் அது இப்போது உர்மாஸ்லாந்துக்குள் இருந்தது.

"இந்தப் பக்கம் வர முடியாதுங்க மேடம்," என்றது கைடோ. "உங்க நாட்டு வழியாவே போயிடுங்க."

"என் நாட்டு வழின்னா சதுப்புடா. நான் எவ்வளவு கனம்னு பார்த்தியா?"

"ஓரமாப் போங்க மேடம்."

இல்ஸே ஓரமாகத்தான் போனது. பாசி பச்சையாக, தரை மாதிரியே இருந்தது. முன்னங்கால் இரண்டும் உள்ளே போயின. இழுக்கப் பார்த்ததில் பின்னங்கால்களும் போயின. நிமிர்ந்து பார்ப்பதற்குள் வயிறு வரைக்கும் சேறு வந்துவிட்டது. இல்ஸே குரல் எடுத்துக் கத்தியது. அது பாட்டு இல்லை. அப்படி ஒரு சத்தம் அதன் தொண்டையில் இருப்பது அதற்கே தெரியாது.

அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துக்கொண்டன.

தாலிவால்டிஸ் ஓடி வந்தது. அதன் கால்கள் குட்டையானவை. எவ்வளவு ஓடினாலும் நடப்பது போலத்தான் இருக்கும். கரைக்கு வந்து அன்னங்களைப் பார்த்து, "காப்பாத்துங்க! இது நாடகம் இல்ல! அக்கா நிஜமா முழுகறாங்க! இது நாடகம் இல்ல!" என்று கதறியது.

அன்னங்கள் ஆன்டெர்ஸைப் பார்த்தன. ஆன்டெர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது வெறும் நாடகம் இல்லை என்கிறார். அதற்கும் அப்பால் என்கிறார்," என்றது.

"ஆகா," என்றன அன்னங்கள்.

"எங்களுக்குள்ள எல்லையே கிடையாது! நான்தான் கோடு போட்டேன்! பொய்!"

"எல்லைகள் எல்லாம் நாம் போட்டுக்கொண்ட பொய்க்கோடுகள் என்கிறார்," என்றது ஆன்டெர்ஸ். சொல்லும்போது அதற்கே கண் கலங்கிவிட்டது.

இதற்குள் உர்மாஸ் மேளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டது. எல்லையில் கைடோ நின்றது.

"அனுமதிச் சீட்டு இருக்கா சார்?"

"வீட்டுல இருக்கு."

"எடுத்துட்டு வந்துடுங்க."

உர்மாஸ் மேளத்தைத் தோளில் சரிசெய்துகொண்டது. பிறகு, "நீயும் வா," என்று அதை மறு கையில் இடுக்கிக்கொண்டு, கழியை உடைத்து, கோட்டைத் தாண்டியது. கைடோ வழி முழுக்கத் தன் கடமையைச் சொல்லிக்கொண்டே வந்தது.

மேளத்தைச் சேற்றின் மேல் குறுக்காகப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய், இல்ஸேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது உர்மாஸ். அதற்குள் சேறு இல்ஸேயின் முதுகுக்கு வந்திருந்தது.

"அண்ணே, விட்டுடுங்க, நீங்களும் போயிடுவீங்க," என்றது இல்ஸே.

"சும்மா இரு. மூச்சு விடு."

கைடோ கரையில் நின்று உர்மாஸின் பின்னங்காலைப் பல்லால் கவ்வி இழுத்தது. "உங்களைக் கைது பண்ணியிருக்கேன் சார்," என்று பல்லிடுக்கில் சொல்லிக்கொண்டே இழுத்தது. மேளம் நடுவில் விரிசல் விட்டு, பெரிய சத்தத்தோடு பிளந்தது. அந்தச் சத்தத்தில் இல்ஸே சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கரையில் விழுந்தது. நான்கும் ஒரே சேற்று மூட்டையாகக் கிடந்தன. நான்காவது தாலிவால்டிஸ். அது எப்போது சேற்றில் குதித்தது என்று அதற்கே தெரியாது. இல்ஸேயின் காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

அன்னங்கள் எழுந்து நின்று சிறகு தட்டின.

"மூன்று நாடு, ஒரே சேறு!" என்றது ஒரு அன்னம். இன்னொன்று முள்ளெலியிடம் வந்து குனிந்து, "இத்தனை காலம் எங்கேயப்பா ஒளிந்திருந்தாய்? இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை," என்றது.

தாலிவால்டிஸ் வாழ்நாள் முழுக்கக் கேட்க ஏங்கிய சொற்கள் அவை. வாயைத் திறந்தது. 'நான் நடிக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். "நன்றி," என்றது.

இல்ஸே அதைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த மூன்று கோடைக்கும் நிதி என்று ஸிக்ரிட் அறிவித்தது. ஒரே நிபந்தனை, இதே நிகழ்ச்சியைச் செய்ய வேண்டும்.

"நான் செத்திருப்பேன் மேடம்," என்றது இல்ஸே.

"இதே வாக்கியத்தை விண்ணப்பத்துல சேர்த்துடுங்க. ரொம்ப நல்லா இருக்கு."

மூவரும் பேசிப் பார்த்தார்கள். மேடை இல்லை, இப்போது மேளமும் இல்லை. குளிர்காலம் வரப்போகிறது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். நானாக இருந்தால் பேசிப் பார்க்கக்கூட மாட்டேன், உடனே ஒப்புக்கொண்டிருப்பேன்.

அடுத்த கோடையில் சேற்றுக்கு அடியில் கல் பரப்பி, இல்ஸே நின்ற இடத்தில் முழுகுவது போல மெதுவாக முட்டி மடக்கக் கற்றுக்கொண்டது. உர்மாஸ் சரியான நேரத்தில் தாமதமாக வரப் பழகியது. கைடோ மட்டும் எதையும் பழகவில்லை. அது உண்மையாகவே சீட்டுக் கேட்டது. இந்தச் செய்தி பரவி, கடலோரம் முழுக்க முயல்களும் நரிகளும் அந்தந்த ஊர்ச் சதுப்பில் விழ ஆரம்பித்தன. மதிப்பீட்டு அறிக்கை வந்தது. கடமானும் கரடியும் காட்டுப்பன்றியும் அருமை, ஆனால் 'முள்ளெலியின் கதறலில் சென்ற ஆண்டின் உண்மை இல்லை. கவனிக்கவும்.'

தாலிவால்டிஸ் அந்தக் குளிர்காலம் தூங்கவில்லை. முள்ளெலிகள் குளிர்காலத்தில் தூங்காமல் இருப்பது உடம்புக்கு ஆகாது. எல்லா விதமாகவும் கதறிப் பார்த்தது. மூச்சை அடக்கிக் கதறியது, பட்டினி கிடந்து கதறியது. எதிலும் அது வரவில்லை. கோடை தொடங்கியதும் இல்ஸேயிடம் போய்த் தயங்கித் தயங்கிப் பேசியது.

"அக்கா, ஒரு சின்ன யோசனை. அந்தக் கல்லை மட்டும் எடுத்துட்டா..."

இல்ஸே புல் மெல்லுவதை நிறுத்தியது.

"எடுத்துட்டா?"

"நிஜமா இருக்கும். எனக்கும் நிஜமா வரும். உர்மாஸ் அண்ணன் எப்படியும் வந்துடுவார்ல?"

இல்ஸே வாயிலிருந்த புல்லை விழுங்கியது. பிறகு, "சரி, எடுத்துடலாம்," என்றது. தாலிவால்டிஸுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கலைக்காக இவ்வளவு செய்கிறாளே அக்கா என்று கண்ணீர் விட்டது.

நிகழ்ச்சி நாள் அன்று அன்னங்கள் வந்து உட்கார்ந்தன. ஆன்டெர்ஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. இல்ஸே நிதானமாகக் கரைக்கு வந்தது. குனிந்து, தன் நீண்ட மூக்கைத் தாலிவால்டிஸுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, கல் எடுத்த இடத்தில், பச்சைப் பாசியின் நடுவில் தூக்கிப் போட்டது.

அந்த வருடம் கதறலில் ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை சொன்னது. பரிசும் கொடுத்தார்கள். உர்மாஸ்தான் முள்ளெலியை ஒற்றை விரலால் தோண்டி எடுத்துக் கரையில் வைத்தது. விரல் முழுக்க முள்.

"குளிருதா?" என்று கேட்டது இல்ஸே.

நீதி: சதுப்பில் விழ நேர்ந்தால் உரக்கக் கத்துங்கள். கத்துவதற்கு முன், மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.