ஜன்னல் சீட்டுக்கு மூன்று வார்த்தை

இங்கிலீஷ்காரர்கள் இருநூறு வருஷம் நம்மைப் படுத்திய பாட்டுக்கு, தனி ஆளாக நின்று அவர்கள் பாஷையைப் பழிவாங்கியவர் எங்கள் லெட்டர் அண்ணன். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கோலார் தங்கவயலிலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில், எங்கள் பெட்டியில் யாருக்குமே தெரியாது.

தங்கச் சுரங்கத்தை மூடியிருந்த சமயம் அது. பாதி ஊர் வேலை தேடி ரயிலேறிக்கொண்டிருந்தது. நான் பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். லெட்டர் அண்ணன் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில் இருபத்திரண்டு வருஷம் டூட்டி பார்த்தவர். இப்போது பெங்களூரில் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி. வாழ்க்கையெல்லாம் மேலும் கீழும் போய்வந்த மனுஷனை ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் முடியுமா? புதுசு புதுசாக எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு வேண்டும். அதற்கு இங்கிலீஷ் தெரியணும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆரம்பித்தது தொல்லை. ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து. அந்த இரண்டில் தொடங்கும் வார்த்தைகளை மட்டும் அர்த்தத்தோடு படிப்பார். அன்று வேறு இங்கிலீஷ் வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. ஒரு 'பி-ஆர்' நாளில் டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். அண்ணன் கம்பீரமாக, "பிரதர். ப்ராட்" என்று, கொண்டுவந்திருக்கிறேன் என்ற அர்த்தத்தில் சொல்லி, சீசன் டிக்கெட்டை நீட்டினார். அவர், "ஏனு?" என்று கன்னடத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் பெட்டிக்கு அவ்வளவாக வருவதில்லை.

தான் மட்டும் படித்துத் தொலைத்திருந்தால் பரவாயில்லை. முதல் ஸ்டேஷனிலேயே ஏறி ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டுவிடுவார். பங்காருப்பேட்டை வரை அந்தத் துண்டுதான் சொகுசாகப் பிரயாணம் செய்யும். அங்கே வண்டி நின்றதும் பரீட்சை.

"இன்னிக்கு ஜி-எல். மூணு வார்த்தை, அர்த்தத்தோட. சொன்னவங்களுக்கு ஜன்னலு."

பங்காருப்பேட்டையில் ஏறும் ஷரீஃப் பாய்க்கு சிவாஜிநகரில் துணிக்கடை. அவர் முந்திக்கொண்டார். "கிளாஸ். கண்ணாடி."

"ஒண்ணு."

"இன்னொரு கிளாஸ். டீ குடிக்கிறது."

"பாய், இது ரயிலு, உங்க கடை இல்ல. பேரம் கெடையாது."

நான் 'க்ளூ' என்றேன், பசை என்றேன். 'க்ளவ்' என்றேன், கையுறை என்றேன். மூன்றாவது வரவில்லை. தினமும் டைப் அடிக்கிறவள் நான். எனக்கே நடைபாதை ஓரத்துச் சீட்டு. பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் அவர் தன் வார்த்தைகளைச் சொன்னார். "கிளூம்னா, கீழ நம்ம தலை லைட்டு அணைஞ்சிட்டா வருமே, அது. கிளிம்ப்ஸ்னா, கூண்டு மேல வரும்போது மொதல்ல ஒரு சொட்டு வெளிச்சம் தெரியுமே, அது." வீட்டுக்குப் போய் டிக்‌ஷனரியைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன அளவுக்கு அதில் இல்லை.

அன்றைக்கே மத்தியானம் அவருக்கு ஓர் இன்டர்வியூ.

"உன்னப் பத்திச் சொல்லுன்னாங்க" என்றார் மறுநாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஜி-எல் ஆச்சே. 'கிளாட்'னேன். அப்புறம் 'கிளோ'ன்னேன்."

"அப்புறம்?"

"தேங்க்யூன்னுட்டாங்க."

அடுத்ததும் போயிற்று, வேறு எழுத்தில். எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டாயிரம் வார்த்தை தெரியுது, ரெண்ட சேர்க்கத் தெரியலையே அண்ணா. எழுத்த விட்டுட்டு வாக்கியமா பேசுங்களேன்."

"பேசுனா கொழம்பிப் பூடுதும்மா. ஒரு எழுத்தப் புடிச்சிக்கினா வருது, கூண்டுக்குக் கயிறு மாதிரி" என்றார். துண்டை மடித்துக்கொண்டே, "அடுத்த மாசத்தோட செக்யூரிட்டி வேலையும் இல்லன்னுட்டாங்க. வேற எங்கியும் கூப்புடல. இன்னும் ஒரே ஒரு எடம்தான் பாக்கி கீது" என்றார். என்னவோ பெரிய மேதாவி மாதிரி அவருக்குப் புத்தி சொன்னேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தக் கடைசி இன்டர்வியூ அன்று அவர் பரீட்சை வைக்கவில்லை. "நீங்களே ஒரு எழுத்து குடுங்க" என்றார். தூக்கக் கலக்கத்தில் இருந்த ஷரீஃப் பாய் வெளியே எட்டிப் பார்த்து, "ஸ்டேஷன். எஸ்-டி" என்றார். நான் முறைத்தேன். வேறு நல்ல எழுத்தே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? ஆனால் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அவரை ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்து, கன்டோன்மென்ட் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் எஸ்-டி வார்த்தைகளாக எடுத்துக்கொடுத்தோம்.

மறுநாள் அவர் துண்டை எடுக்கும் முன்பே, என்ன ஆச்சு என்று பெட்டியே கேட்டது.

"உன்னப் பத்திச் சொல்லுன்னாங்க. 'ஸ்ட்ராங்'னேன். சிரிச்சாங்க. சரி போச்சுன்னு எழுந்துட்டேன். ஒரு பெரியவரு மட்டும் ஒக்காருன்னாரு. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, உள்ள ஆளுங்க கத்துறாங்க, போன்ல இன்னா சொல்லுவேன்னு கேட்டாரு."

"அரே, என்ன சொன்னீங்க?" என்றார் பாய்.

"'ஸ்டே'ன்னேன். 'ஸ்டாண்ட் ஸ்டில்'னேன். 'ஸ்டெடி, ஸ்டெடி'ன்னேன். கூண்டு நடுவுல நின்னா நம்ம பசங்களுக்குத் தமிழ்ல சொல்றதுதானம்மா. அதே கொரல்லதான் சொன்னேன். சிரிச்சவங்கல்லாம் நிமிந்து ஒக்காந்தாங்க. எப்ப வேலைக்கு வர்றேன்னாரு."

"அதுக்கு?"

"'ஸ்டார்ட் ஸ்ட்ரெய்ட்'னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயில் புகை என்று சொல்லலாமென்றால் அது டீசல் வண்டி. வேலை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று ஷரீஃப் பாய் ஒரு மாதம் பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் பெங்களூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். துண்டு போட ஆளில்லாமல் ஜன்னல் சீட்டு யார் யாருக்கோ போயிற்று.

இப்போதும் எந்த ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தாலும், உட்காருவதற்கு முன்னால் மனசுக்குள் மூன்று வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், அர்த்தத்தோடு. மூன்றாவது வராவிட்டால் நடைபாதை ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணனிடம் பேரம் கிடையாது.