விலாசதாரர் இல்லை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே ஆட்களுக்கு உடம்பு சுகம்தான், வீட்டுக்குத்தான் சுகமில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் அண்ணியிடம் மட்டும் மூச்சு விடாதே.

அவளுடைய முட்டி ஆபரேஷனுக்குத் தபால் இலாகா பணம் கொடுத்தது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். வீட்டுக் கடன் தவணையை நிறுத்தித்தான் செய்தேன். பிறகு கோர்ட்டிலிருந்து உறை வந்தது. முப்பத்தைந்து வருஷம் தபால்காரனாக அந்த மாதிரி உறைகளை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன், வாங்கினவர்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும், நமக்கென்று வந்ததைப் பிரிக்கத் துணியவில்லை. பழக்கதோஷத்தில் சிவப்பு மையால் "விலாசதாரர் இல்லை" என்று அழகாக எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்ததற்கும் அதே வைத்தியம். மூன்றாவதற்கு, என் இடத்துக்கு வந்திருக்கும் தபால்காரர் மசியவில்லை. "அண்ணே, விலாசதாரர் என் எதிர்லயே நின்னு டீ குடிக்கிறாரு. நான் எப்படி இல்லைன்னு கொண்டுபோறது?" என்றார். பிரித்தால் தீர்ப்பு. நாங்கள் வராததால் ஒருதலைப்பட்சமாக, வீட்டை ஏலம் விடலாமாம்.

வக்கீலம்மாவிடம் ஓடினேன். "தீர்ப்பு வந்த அன்னிக்கே யாரும் சாமானைத் தூக்கி வெளிய போடமாட்டாங்க, ஐயா. நாள் தவறாம மனு போட்டா மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏலத்துக்கு முன்னால பாக்கியைக் கட்டியும் நிறுத்தப் பார்க்கலாம். உறையை வாங்கலைன்னா கேஸ் போயிடும்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது. ஆனால் கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, மனுவில் உன் அண்ணியும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதுதான் நல்லதாம். அவளிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? அதனால் உன் மாடி அறையைக் காலி செய்து வை. பெட்டி கட்டிவிட்டேன், வாசல் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டேன். துருப்பிடித்ததால் கழற்றினேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டில் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும், கதவில் ஒரு நோட்டீசும் ஒட்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அசட்டு அண்ணன்

பின்குறிப்பு: இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். ஒட்டின உறையைப் பிரிக்க இந்தக் கை சம்மதிக்காது. வழியில் படிக்கும் தபால்காரர்கள் மன்னிக்கவும். தபால்தலை தேடி அண்ணியின் டப்பாவைத் திறந்தேன். அவள் பெயருக்கு வந்த அதே தீர்ப்பு, ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தது; கூடவே அவள் தன் பெயரில் தனியாகப் போட்ட மனுவின் நகல். தீர்ப்பை நிறுத்திவைத்து மறுபடி விசாரிக்கிறார்களாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்காக நீங்க மறைச்சது எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா சங்கடப்படுவீங்கன்னுதான். கோர்ட்டுல லிஃப்ட் கிடையாது. மூணு மாடியும் நீங்க போட்டுக்கொடுத்த முட்டியாலதான் ஏறினேன்" என்றாள். அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. ஆகவே அறையைக் காலி செய்யாதே. இந்த உறையையும் பிரிக்காதே. "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடு.